இடப்பக்கம் சாயும் கோடுகள்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு, வேளாவேளைக்குப் படுக்கை. சிறையில் ஒழுங்குக்கு மட்டும் குறைவே கிடையாது.

பதினான்கு மாதமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது எழுதுகிறேன். அத்தானைப் பற்றி எழுத எனக்கு வாயில்லை. வண்டியை ஓட்டியவன் நான், போனவர் அவர். அதற்குமேல் என்ன எழுதினாலும் உனக்கு எரிச்சல்தான் வரும். அதனால் வேலை விஷயம் மட்டும் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடு.

இங்கே கம்ப்யூட்டர் அறையில் என்னைப் போட்டிருக்கிறார்கள். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு படப் புத்தகம், இருபத்துநான்கு பக்கம். கோட்டுப் படங்கள் வெளியிலிருந்து வந்துவிட்டன. நிறம் நிரப்புவது என் வேலை. வானத்துக்கு நீலம் நிரப்பினால் சரியாக அலசாத துணி மாதிரி திட்டுத் திட்டாக வருகிறது. ஒரு கோடு இன்னொன்றின் மேல் ஏறும் இடம் கறுத்துப் போகிறது. இங்கே இணையம் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. பதினெட்டு வருஷமாக இதே வேலையாக இருக்கிறவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான்.

ஜூலையில் விடுதலைக் குழு கூடுகிறது. பட்டியலில் என் பெயர் இருக்கிறது. புத்தகம் அச்சுக்குத் தேறினால் அறைப் பொறுப்பாளர் என்னைப் பற்றி நல்லபடியாக எழுதுவார். தேறாவிட்டால் இன்னும் இரண்டு வருஷம். அவரை நாங்கள் கண்ணாடி சார் என்போம், அது அவருக்கும் தெரியும். எங்களுக்கு வரும் கடிதங்களையும் போகும் கடிதங்களையும் முதலில் படிப்பவர் அவர்தான்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

தம்பி


பிப்ரவரி 21

தம்பிக்கு,

அம்மா நலம். நானும் இருக்கிறேன். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஒரு கோடு போடு. அதன் குறுக்கே இன்னொரு கோடு போடு. வெட்டிக்கொள்ளும் இடம் கண்ணுக்குத் தெரிந்தால் ஏதோ ஒன்று நூறில் இல்லை என்று அர்த்தம். பிரஷ் அமைப்பைத் திற. ஒபாசிட்டி என்று இருக்கும். நிறம் எவ்வளவு கெட்டியாக விழ வேண்டும் என்பது அது. நூறு வை. பக்கத்தில் ஃப்ளோ இருக்கும். பிரஷ்ஷிலிருந்து நிறம் எவ்வளவு தாராளமாக வர வேண்டும் என்பது. அதையும் நூறு வை. ஓரத்தின் மென்மையை எடுத்துவிடு. பஞ்சு மாதிரி ஓரம் மேகத்துக்குச் சரி, சுவருக்கு ஆகாது.

முக்கியமானது கம்ப்யூட்டர் பேனாவின் அழுத்தம். சின்ன வயதிலிருந்தே பேனாவை ஆணி அடிப்பது போலப் பிடிக்கிறவன் நீ. அழுத்தினால் கறுப்பு, விட்டால் வெளுப்பு என்று அந்த பிரஷ் உன் கை சொன்னபடி ஆடுகிறது. பிரஷர் என்ற இடத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடு. அப்புறம் நீ அழுத்தினாலும் ஒன்றுதான், தடவினாலும் ஒன்றுதான்.

எல்லாம் சரியானதும் அந்த பிரஷ்ஷை வேறு பெயரில் சேமித்து வை.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று அம்மா எழுதச் சொன்னாள்.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலமா? நான் நலம். உன் கடிதம் வந்த அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

நீ சொன்னபடியே செய்தேன். வானம் வானமாக வந்தது. கண்ணாடி சார் குனிந்து பார்த்துவிட்டு, "யாருப்பா சொல்லிக் குடுத்தா?" என்றார். "எங்க அக்கா" என்றேன். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது.

காலையில் எனக்கு இயந்திரம், மத்தியானம் நாங்கள் மீசை என்று கூப்பிடும் இன்னொரு கைதிக்கு. அவருக்கு வேறு புத்தகம். தினமும் வந்ததும் முதல் வேலை, அவர் வலப்பக்கம் வைத்துவிட்டுப் போகும் பேனாவையும் அதால் வரையும் பலகையையும் என் இடக்கைக்கு மாற்றுவது. "சாப்பிடுற கையில எழுதக் கூடாதா?" என்று தினமும் கேட்கிறார், தினமும் அவரே சிரித்துக்கொள்கிறார்.

இப்போது வேறு தொல்லை. நிறம் நிரப்பும் வாளிக் கருவியால் ஊற்றினால் கறுப்புக் கோட்டை ஒட்டி மயிரிழை மாதிரி வெள்ளை நிற்கிறது.

இன்னொன்று. வெளியே போனால் எங்கே தங்குவேன் என்று குழு கேட்கிறது. வீட்டுக்காரர் சம்மதித்துப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நான் அம்மா பெயரைத்தான் கொடுத்தேன். வீடு உன் பெயரில் இருப்பதால் படிவம் உனக்குத்தான் வருமாம். அது நான் கேட்டு வருவதில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

இங்கே நலம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி, மாடிப்படி ஏறினால் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். படியை நான்தான் கட்டினேன் போலிருக்கிறது.

வெள்ளை ஏன் நிற்கிறது என்றால், கோட்டின் ஓரம் கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாக மங்குகிறது. வாளி அந்த மங்கலைப் பார்த்ததும் கோடு வந்துவிட்டது என்று நின்றுவிடுகிறது. கோட்டுப் படம் மேலே ஒரு லேயரில், கண்ணாடித்தாள் மாதிரி ஒரு அடுக்கில், இருக்கட்டும். கீழே வேறு லேயரில் நிறம் போடு. முதலில் பிரஷ்ஷால் எல்லையை மூடு, கோட்டின் பாதி அகலம்வரை நிறம் உள்ளே போகட்டும். எல்லையில் ஊசிமுனை இடைவெளிகூட இருக்கக் கூடாது. பிறகு நடுவில் வாளியால் ஊற்று. பக்கம் முடிந்ததும் நிற லேயருக்கு அடியில் பளிச்சென்று ஒரு சிவப்பை வைத்துப் பார். ஓட்டை இருந்தால் சிவப்பு எட்டிப் பார்க்கும். இந்தச் சிவப்பு வித்தை அவர் சொல்லிக் கொடுத்தது. வரைகிற ஆள் இல்லை, பார்க்கிற ஆள். ஆனாலும் தப்பு அவர் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி? எனக்கு லேசாக இருமல் இருந்தது, போய்விட்டது.

பதினான்கு பக்கம் முடித்துவிட்டேன். அனுமதி வாங்கி ஒன்பதாம் பக்கத்தின் அச்சை இதோடு வைத்திருக்கிறேன். மாட்டின் வயிற்றுக்கு ஒரே பழுப்பு, எங்கும் மங்கவில்லை. அதற்கு மட்டும் இரண்டு நாள் ஆனது. நீ பார்த்துச் சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை வரும். சிவப்பு வைத்துப் பார்க்கும்போதெல்லாம் அத்தான் பின்னால் நிற்பது போலக் கழுத்து கூசுகிறது. எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள்.

மற்றவர்களுடைய படிவங்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டனவாம். என்னுடையதைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் ஆபீஸ் விஷயம், சொல்லக் கூடாது" என்கிறார்கள். உனக்கு வந்ததா?

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

நலம். நீயும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்பதாம் பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு ஓட்டை இல்லை. ஒரு இடத்திலும் பிரஷ் கோடு தெரியவில்லை. யார் செய்தது என்று சொல்லாமல் ஆபீசில் காட்டினேன். "யாருங்க இது? நம்மகிட்ட வருவாங்களா?" என்று முதலாளி கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஒரே குறை. மாட்டுக்குக் கண்ணுக்குள்ளும் பழுப்பையே ஊற்றி வைத்திருக்கிறாய். பாவம், அதுவும் உலகத்தைப் பார்க்க வேண்டாமா?

அம்மா உன் பழைய அறையை ஒழித்துக்கொண்டிருக்கிறாள். அவருடைய பெட்டிகள் அங்கேதான் இருந்தன. ஒவ்வொன்றாக வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? என்னைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

அத்தானின் பெட்டிகளைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த நாலு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே ஒரு கெட்ட செய்தி. பதினைந்து முதல் பதினெட்டு வரை நாலு பக்கம் பாழாகிவிட்டது. முன்பு போலவே திட்டுத் திட்டாக, கோடு கோடாக. சேமித்து வைத்த பிரஷ்ஷை யாரோ திறந்து ஒபாசிட்டியை நாற்பதுக்கு இறக்கி, அழுத்தத்தையும் போட்டிருக்கிறார்கள். முடித்து வைத்த படத்தின் மேல் மறுபடி கிறுக்கியும் இருக்கிறார்கள். எனக்குப் பிறகு இயந்திரத்தில் உட்காருவது மீசைதான் என்பதால் கண்ணாடி சார் அவரைத் துணி துவைக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ நம்ப வேண்டும் என்பதற்காகப் பதினாறாம் பக்கத்தின் அச்சை இதோடு வைத்திருக்கிறேன்.

இனி ஜூலைக்குள் முடியாது. யோசித்துப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரு விதத்தில் நிம்மதிதான். படிவம் உன்னிடம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடு. அதைப் பற்றி அம்மா உன்னைப் போட்டு நச்சரிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லு.

அன்புடன்,
தம்பி


மே 26

டேய்,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. உன் கடிதம் காலையில் வந்தது, மத்தியானம் பதில் எழுதுகிறேன். கண்ணாடி சார் இதை முதலில் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பதினாறாம் பக்கத்தை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். அழுத்தத்தைப் போட்டால் ஒவ்வொரு கோட்டுக்கும் தலையும் வாலும் வந்துவிடும். பேனா இறங்கும் இடம் தடிப்பு, எடுக்கும் இடம் மெலிவு. வலக்கைக்காரன் வேகமாகத் தீட்டினால் கோட்டின் மேல்முனை வலப்பக்கம் சாயும். இந்தக் கோடுகள் அத்தனையும் இடப்பக்கம் சாய்கின்றன. உன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் நீ கிறுக்கியதை வருஷக்கணக்காகப் பார்த்தவள் நான். வலக்கைக்கார மீசையின் தலையில் கட்டப் பார்க்கிறாயே, உனக்கே நன்றாக இருக்கிறதா?

ஏன் செய்தாய் என்றும் எனக்குத் தெரியும். நான் கையெழுத்துப் போட மாட்டேன், அதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கும், அந்தச் சங்கடத்தை எனக்குக் கொடுக்கக் கூடாது என்று நீயே நினைத்துக்கொண்டாய். பெரிய தியாகம். உன்னைக் கேட்டது யார்? விபத்து நடந்த அன்றைக்கும் இதே வேலையைத்தான் செய்தாய். வண்டியில் இருந்து அவர் எனக்குப் போன் செய்தார். மத்தியானம் மூன்று மணி. "இவனுக்குக் கண்ணு சொக்குது, நான் ஓட்டுறேன்னா கேக்க மாட்டேங்கிறான்" என்றார். பக்கத்தில் நீ, "அதெல்லாம் இல்லக்கா" என்று கத்தினாய். நான் சிரித்துவிட்டு, "விடுங்க, அவன் நல்லாத்தான் ஓட்டுவான்" என்றேன்.

கோர்ட்டில் அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நீயும் இத்தனை நாளாக வாயைத் திறக்கவில்லை. என்னைக் காப்பாற்றுகிறாயாக்கும் என்று உன்மேல் எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவருக்காக நீ முடிவெடுத்தாய், நானும் தலையாட்டினேன். இப்போது எனக்காகவும் நீயே முடிவெடுத்துவிட்டாய். படிவத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அது என் பாடு.

முதலில் போய் மீசையை அவர் இடத்தில் உட்கார வை.

அக்கா


ஜூன் 14

அக்காவுக்கு,

அம்மாவும் நீயும் நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

உன் கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்பே கண்ணாடி சார் என்னைக் கூப்பிட்டார். மேசையில் உறை பிரித்துக் கிடந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, "உங்க அக்கா எழுதியிருக்காங்க. நான் படிச்சுட்டேன். நீ படிக்கிறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்றார். உறையில் தெரிந்த உன் கையெழுத்தைப் பார்த்தேன். பிறகு, "நான்தான் சார் கெடுத்தேன். மீசைக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். அவர் கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

மீசையை அன்றைக்கே திரும்ப வரவழைத்தார்கள். அவரிடம் போய் நின்றேன். கை முழுக்கச் சோப்பில் வெந்து தோல் உரிந்திருந்தது. "எனக்கு மூணு வாரம் போச்சுடா. உனக்கு என்ன கெடச்சுது?" என்றார். இன்றுவரை அவர் என்னோடு பேசவில்லை. பேனாவை மட்டும் வலப்பக்கம் வைத்துவிட்டுப் போகிறார்.

பத்து நாள் இயந்திரம் எனக்கு மறுக்கப்பட்டது. இப்போது திரும்ப உட்கார்ந்திருக்கிறேன். நாலு பக்கத்தையும் முதலிலிருந்து செய்கிறேன். ஒபாசிட்டி நூறு, ஃப்ளோ நூறு, அழுத்தம் இல்லை. நடந்ததை நடந்தபடியே குழுவுக்கு எழுதுவேன் என்று சார் சொல்லிவிட்டார். எழுதட்டும்.

போன் விஷயம். நீ சிரித்ததால்தான் நான் ஓட்டினேன் என்றில்லை அக்கா. நீ திட்டியிருந்தாலும் ஓட்டியிருப்பேன். எனக்குத் தூக்கம் வந்தது, வருகிறது என்று எனக்குத் தெரியும். அத்தான் முன்னால் தோற்கக் கூடாது என்று ஒரு வீம்பு. அவ்வளவுதான். இதை அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும்.

பதில் எழுதுவாயா?

தம்பி


ஜூலை 9

அக்காவுக்கு,

பதில் வரவில்லை. உங்கள் இருவருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன். புத்தகம் ஜூன் கடைசியில் முடிந்தது, அச்சுக்குத் தேறிவிட்டது.

நேற்று குழு கூடியது. மூன்று பேர், நடுவில் ஒரு அம்மா. கண்ணாடி சாரின் குறிப்பை முதலில் படித்தார்கள். நாலு பக்கத்தைத் தானே கெடுத்தான், இன்னொருவர் மேல் பழி விழுந்தபோது மூன்று வாரம் பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு ஒப்புக்கொண்டான், பக்கங்களை மீண்டும் செய்தான் என்று நாலே வரி. ஒன்றைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை. கதை முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு அந்த அம்மா ஒரு தாளை எடுத்தார். உன் படிவம். "இதுல கையெழுத்துப் போட்டிருக்கிறவங்க இறந்து போனவரோட மனைவி. தெரிஞ்சுதான் போட்டாங்களா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். "காரணம்னு ஒரு இடம் இருக்கே, அதைப் படிங்க" என்றார் இன்னொருவர். அந்த அம்மா படித்தார்.

"அவன் என் தம்பி. என் கணவருடைய சாவுக்குக் காரணமானவனும் அவன்தான். இரண்டு பேரையும் வைத்துக்கொள்ள என்னிடம் ஒரு அறைதான் இருக்கிறது."

நான் தலையைத் தூக்கவில்லை. தேதியையும் படித்தார்கள் அக்கா. மார்ச் பதினொன்று. வாளிக்கும் வெள்ளைக்கும் நீ பக்கம் பக்கமாக எழுதினாயே, அதற்கு நாலு நாள் முன்பு. ஏன் என்னிடம் சொல்லவில்லை?

இருபத்திரண்டாம் தேதி விடுகிறார்கள். காலையில் ஒரு பஸ் இருக்கிறதாம். வந்துவிடுகிறேன்.

தம்பி


ஜூலை 13

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அம்மா நேற்றிலிருந்து முழங்காலை மறந்துவிட்டு மாடிக்கும் கீழுக்கும் நடக்கிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறாய். சொல்லியிருந்தால் நன்றி என்று எழுதியிருப்பாய். அதைப் படிக்க எனக்குத் தெம்பில்லை. இப்போதும் இல்லை, வந்து சொல்லித் தொலைக்காதே. உன் ஜூன் கடிதத்துக்கு ஏழு தடவை பதில் எழுதிக் கிழித்தேன். நீ எப்படியும் ஓட்டியிருப்பாய் என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறதா, இன்னும் கோபமாக இருக்கிறதா என்று எனக்கே புரியவில்லை. போன் விஷயத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஒன்று தெரிந்துகொண்டு வா. நல்ல நாளும் இருக்கும், உன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காத நாளும் இருக்கும். அந்த நாளில் நான் கதவைச் சாத்திக்கொள்வேன். நீ தட்டாதே. அதற்காக வீட்டை விட்டும் கிளம்பிவிடாதே.

பஸ் எல்லாம் வேண்டாம். மார்ச்சிலிருந்து வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். லைசென்ஸ் போன வாரம் கைக்கு வந்தது. இருபத்திரண்டாம் தேதி காலை எட்டு மணிக்கு வாசலில் இருப்பேன். அம்மா பின்னால் உட்காருவாள். நீ முன்னால் என் பக்கத்தில் உட்கார். பின்னால் உட்கார்ந்தால் நான் திட்டுவது காதில் விழாது.

அக்கா